உறுத்துக்கட்டளை வழக்கை வாபஸ் வாங்கி மறுபடி போடலாமா? கட்டளை 23 விதி 1(3) சந்தேகம்

மனைக்கட்டு கேட்டது:

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் அசல் வழக்கைப் பற்றிய கேள்வி இது.

சொத்து 2,400 சதுர அடி காலி மனை. சந்தை மதிப்பு சதுர அடிக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சம். வாதிகள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. 2023 ஆகஸ்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை (மனையில் தலையிடக் கூடாது என்ற தடையாணை) மட்டும் கேட்டு வழக்குப் போடப்பட்டது. இடைக்கால உறுத்துக்கட்டளை கிடைத்து இன்றுவரை அமலில் உள்ளது. 2024 ஜனவரி 19-இல் தாக்கலான எதிருரையில் (வழக்குக்குப் பிரதிவாதிகள் எழுதித் தரும் பதில்), வாதிகளுக்கு அந்த மனையில் உரிமையே கிடையாது என்று பிரதிவாதிகள் மறுத்துவிட்டார்கள். எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைந்தாயிற்று. முதல் வாதியின் நிரூபண வாக்குமூலம் (எழுத்தில் தரும் சாட்சியம்) தாக்கலாகி, சான்றாவணம் 1 முதல் 7 வரை குறியீடும் ஆகிவிட்டது. குறுக்கு விசாரணை இன்னும் தொடங்கவில்லை.

இப்போது மூன்று குறைகள் தெரிகின்றன. பிராதின் (வழக்கு மனுவின்) சொத்து விவரத்தில் சர்வே எண் 148/2 என்று இருக்கிறது. கிரையப் பத்திரத்திலும் பட்டாவிலும் 148/2பி. உரிமையை மறுத்த பிறகும் விளம்புகைப் பரிகாரம் (உரிமை எங்களுடையதே என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோருவது) கேட்கவில்லை. 2024 அக்டோபரில் தெற்குப் பக்கம் 400 சதுர அடியைப் பிரதிவாதிகள் வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். அதை மீட்கவும் பிராதில் ஒன்றும் இல்லை.

'ஒரு மெமோ போட்டு வாபஸ் வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாகப் போடலாம்' என்று வழக்கறிஞர் சொல்கிறார். மெமோ போதுமா? வாபஸ் வாங்கியபின் புது வழக்கு செல்லாது என்று பிரதிவாதி தரப்பு சொல்ல முடியுமா? கட்டிய நீதிமன்றக் கட்டணம் என்ன ஆகும்? காலவரம்பு சிக்கல் வருமா?

---

பிராதுமேசை பதில்:

மெமோ போடவே கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 23 விதி 1-இல் இரண்டு வழிகள் தனித்தனியாக இருக்கின்றன. உள்விதி (1)-இன்படி வாதி எப்போது வேண்டுமானாலும் வழக்கைக் கைவிடலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அப்படிக் கைவிட்டால் உள்விதி (4) வந்து நிற்கும்: செலவுத்தொகை கொடுக்க நேரலாம், அதே வழக்குப்பொருளைப் பற்றி மறுபடி வழக்குப் போடவே முடியாது. இன்னொரு வழி உள்விதி (3). நீதிமன்றம் திருப்தி அடைந்து, 'புதிய வழக்குத் தொடர உரிமை அளித்து' வாபசை அனுமதிக்க வேண்டும். அந்த வாசகம் உத்தரவில் இருந்தால்தான் மறு வழக்கு.

நீதிமன்றத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். வழக்கறிஞர் 'வழக்கை வலியுறுத்தவில்லை' என்று மெமோவில் எழுதிக் கொடுப்பார். நீதிபதி 'மெமோ பதிவு செய்யப்பட்டது, வழக்கு வாபஸ் என்று தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவார். இரண்டு நிமிட வேலை. புது வழக்கு எண்ணாகி அழைப்பாணை போன பிறகு, பிரதிவாதி தரப்பு அந்த ஒரு வரியின் சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு பிராதை நிராகரிக்கச் சொல்லி கட்டளை 7 விதி 11(டி) மனுவோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கு 'நாங்கள் மறுபடி போடத்தான் வாபஸ் வாங்கினோம்' என்று வாயால் சொல்லிப் பயனில்லை.

ஆகவே வழக்கு நடக்கும்போதே போடும் தனி இடைநிலை மனு, அதோடு வாதியின் பிரமாணப் பத்திரம். உங்கள் வழக்கில் வாதிகள் இரண்டு பேர்; ஒருவர் மட்டும் வாபஸ் கேட்டால் மற்றவர் சம்மதமில்லாமல் கொடுக்க முடியாது என்று உள்விதி (5) சொல்கிறது. இருவரும் கையெழுத்திடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் 'சில குறைபாடுகள் உள்ளன' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மனு தோற்கும். எந்தப் பத்தியில் என்ன குறை, அந்தக் குறையால் வழக்கு ஏன் கட்டாயம் தோற்கும், அதை இந்த வழக்கிலேயே ஏன் சரிசெய்ய முடியவில்லை என்று மூன்றையும் எழுத வேண்டும். வேண்டுதலை இப்படி ஒரே வாக்கியமாக வையுங்கள்:

'அசல் வழக்கு எண் ... /2023-ஐ, அதே வழக்குப்பொருள் குறித்துப் புதிய வழக்குத் தாக்கல் செய்யும் உரிமையுடன் வாபஸ் பெற அனுமதித்து உத்தரவிட வேண்டும்.'

'வாபஸ் பெற அனுமதிக்கவும், மேலும் புதிய வழக்குத் தொடர அனுமதிக்கவும்' என்று இரண்டாக உடைக்காதீர்கள். உடைத்தால் முதல் பாதியை மட்டும் கொடுத்து, இரண்டாவதை மறுக்க இடம் கிடைக்கும். மனு ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது, உரிமை மறுக்கப்பட்டால் வழக்கு தொடர்ந்து நடக்க வேண்டுமே தவிர வாபஸ் என்று தள்ளுபடியாகக் கூடாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்த வாதத்துக்கு நீங்களே குறுக்கே நிற்காதீர்கள். பிரமாணப் பத்திரத்தின் கடைசியில் 'உரிமை அளிக்க இயலாது என நீதிமன்றம் கருதினால் வழக்கைத் தொடர்ந்து நடத்தத் தயார்' என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

அனுமதி கிடைக்கக் காரணம் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். உருவக் குறைபாட்டால் வழக்கு தோற்றே ஆக வேண்டும். அல்லது புது வழக்குக்குப் போதுமான காரணங்கள் இருக்க வேண்டும். உருவக் குறைபாடு என்பது வழக்கின் சாரத்தைத் தொடாத குறை. அரசை எதிர்த்த வழக்கில் பிரிவு 80 அறிவிப்பு கொடுக்காதது, தேவையான தரப்பினரைச் சேர்க்காதது, தரப்பினரையோ வழக்குமூலங்களையோ (வழக்குப் போடக் காரணமான சங்கதிகளையோ) தவறாக ஒன்றாய்ச் சேர்த்தது, கட்டணம் கட்டாதது போன்றவை. 2017-இல் உச்ச நீதிமன்றம் (2017) 5 எஸ்.சி.சி. 63 (எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) தீர்ப்பில் இதை விளக்கியிருக்கிறது. சாட்சி சரியாக அமையவில்லை, ஆவணத்தைக் குறியீடு செய்ய மறந்தோம், குறுக்கு விசாரணையில் வாதி உளறிவிட்டார் என்பவை உருவக் குறைபாடு ஆகாது. ஓட்டையை அடைத்துக்கொண்டு மறுபடி வர இந்த விதி இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் வழக்கில் வாபஸ்தான் சரியான வழியா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. காலவரம்புதான் காரணம். அதற்குமுன் ஒன்று தெரிய வேண்டும். வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினீர்களா? பதில் நோட்டீஸ் வந்ததா? வந்திருந்தால் தேதி என்ன, அதில் உரிமையை மறுத்திருக்கிறார்களா?

---

மனைக்கட்டு:

நன்றி சார். நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நோட்டீஸ் தேதி 07.06.2023. 'மனை எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குப் பாத்தியமானது, உங்கள் கட்சிக்காரர்களுக்கு எந்த உரிமையும் இல்லை' என்று அதில் இருக்கிறது. அது சான்றாவணம் 6 ஆகக் குறியீடு ஆகியிருக்கிறது.

---

பிராதுமேசை பதில்:

நான் பயந்தது இதுதான். எதிருரை தேதியை வைத்து 2027 ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று உங்கள் தரப்பில் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இல்லை.

விளம்புகைக்குக் காலவரம்புச் சட்டம் 1963-இன் அட்டவணை இனம் 58 பொருந்தும்: மூன்று ஆண்டு, வழக்குத் தொடரும் உரிமை 'முதன்முதலில்' எழுந்த நாளிலிருந்து. 'முதன்முதலில்' என்ற சொல்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதில் நோட்டீசிலேயே உரிமையைத் தெளிவாக மறுத்துவிட்டார்கள், அதை நீங்களே சான்றாவணமாகவும் போட்டுவிட்டீர்கள். எதிருரையில் மறுத்தது இரண்டாவது முறை. ஆக மூன்று ஆண்டு 07.06.2026-இல் முடிகிறது. அது ஞாயிற்றுக்கிழமை, அதே சட்டத்தின் பிரிவு 4-இன்படி மறுநாள் தாக்கல் செய்யலாம் என்றாலும், இடையில் மே மாதக் கோடை விடுமுறையும் இருப்பதால் அந்த ஒரு நாளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது கட்டளை 23 விதி 2-ஐப் படியுங்கள். அனுமதி பெற்றுப் போடும் புது வழக்கிலும், முதல் வழக்கு போடப்படவே இல்லை என்பதுபோல் காலவரம்பு ஓடும். முதல் வழக்கு நடந்த இரண்டு மூன்று ஆண்டு உங்களுக்குக் கழியாது. காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 14(3) கழித்துக் கொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது, நீதிமன்றத்துக்கு அதிகாரவரம்பு இல்லாத குறை அல்லது அதே தன்மையுள்ள வேறு காரணத்துக்காக அனுமதி கொடுத்திருந்தால் மட்டும். விளம்புகை கேட்க மறந்ததும் சர்வே எண் பிழையும் அந்த வகையில் வராது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் அதே சட்டத்தின் பிரிவு 5 வழக்குகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு நாள் தாண்டினாலும் விளம்புகை போய்விடும்.

வளைத்த 400 சதுர அடிக்கு மட்டும் மூச்சுவிட இடம் உண்டு. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் (இடத்தின் கைவசம்) கேட்பது இனம் 65, பன்னிரண்டு ஆண்டு. அதற்குத் துணையாகக் கேட்கும் விளம்புகையும் அதோடு சேர்ந்துபோகும். மீதி 2,000 சதுர அடிக்கு விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் கேட்கும்போது இனம் 58-தான். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் பிரிவு 6 வழியாகச் சுவாதீனத்தை மட்டும் மீட்கும் ஆறு மாதக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

இதற்கு எதிரே பிராதுத் திருத்தத்தை வைத்துப் பாருங்கள். கட்டளை 6 விதி 17-இல் திருத்தம் அனுமதிக்கப்பட்டால், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது வழக்குத் தாக்கலான நாளிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். அதாவது 2023 ஆகஸ்ட். பதில் நோட்டீஸ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. காலவரம்புப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அதனால் என் கருத்து: முதலில் திருத்த மனு. வாபஸ் அதற்குப் பிறகு, அதுவும் நாள் எண்ணி.

---

தபசில் பதில்:

பிராதுமேசை சார் சொல்லும் காலவரம்புக் கணக்கு சரி. ஆனால் திருத்தம் அவ்வளவு எளிதில் கிடைக்கும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 2002 முதல் விதி 17-க்கு ஒரு வரம்புரை இருக்கிறது. விசாரணை தொடங்கியபின், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்டிருக்க முடியவில்லை என்று காட்டினால்தான் திருத்தம். இங்கே நிரூபண வாக்குமூலம் தாக்கலாகிவிட்டது. விசாரணை தொடங்கிவிட்டது என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும்.

மூன்று குறைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வேலி போட்டது 2024 அக்டோபரில், வழக்குக்குப் பின் நடந்தது. வழக்கின்போதே நேர்ந்த சம்பவத்தை முன்பே எழுதியிருக்க முடியாது. சுவாதீனம் கேட்கும் திருத்தம் கிடைக்க நல்ல வாய்ப்பு. வேலி என்று போடப்பட்டது என்பதற்குப் புகார் மனு ரசீது, புகைப்படம் ஏதாவது இருந்தால் இணையுங்கள். சர்வே எண் பிழையில் நான்கு எல்லையும் அளவும் சரியாக இருந்தால், உட்பிரிவு எழுத்து விடுபட்டது எழுத்துப்பிழை மாதிரிதான். கிரையப் பத்திரமே சான்றாவணமாக இருக்கும்போது யாரும் ஏமாந்துபோகவில்லை. எல்லையும் தவறாக இருந்தால் அது வேறு சொத்தாகிவிடும், கவனம். விளம்புகைதான் கடினமான பகுதி. 2023 ஜூனிலேயே மறுப்பு கையில் இருந்தது. உரிய கவனம் எங்கே என்று கேட்பார்கள்.

ஆனால் அந்த விளம்புகை இல்லாமல் வழக்கை நடத்துவதும் முடியாது. உரிமையின் மேல் உண்மையான தகராறு இருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை போதாது என்று உச்ச நீதிமன்றம் (2008) 4 எஸ்.சி.சி. 594-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருத்த மனுவில் இதையே காரணமாகக் காட்டலாம்: குறுக்கு விசாரணை தொடங்கவில்லை, எதிர்த்தரப்புக்குக் கூடுதல் எதிருரை போட வாய்ப்பு இருக்கிறது, புதுச் சங்கதி எதுவும் இல்லை, உரிமை பற்றிய சங்கதிகள் பிராதிலேயே இருக்கின்றன, பரிகாரம்தான் கூடுகிறது, பல வழக்குகள் தவிர்க்கப்படும். வாதி சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணை முடிந்த பிறகு இதே மனுவைப் போட்டால் வலு பாதியாகிவிடும். அடுத்த வாய்தாவிலேயே போடுங்கள்.

கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம் 1955-இல் 2017 திருத்தத்துக்குப் பின் மதிப்புவாரிக் கட்டணம் 3 சதவீதம். உங்கள் மனைக்குக் கணக்கு இப்படி வரும். வளைத்த 400 சதுர அடிக்கு விளம்புகையும் சுவாதீனமும்: பிரிவு 25(ஏ), முழுச் சந்தை மதிப்பு 2,00,000; கட்டணம் 6,000. மீதி 2,000 சதுர அடிக்கு விளம்புகையும் உறுத்துக்கட்டளையும்: பிரிவு 25(பி), சந்தை மதிப்பு 10,00,000-இல் பாதி 5,00,000, கட்டணம் 15,000. மொத்தம் 21,000. வழக்கு மதிப்பு 7 லட்சம், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தின் 10 லட்ச வரம்புக்குள்ளேயே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் சுவாதீனம் கேட்டு 12 லட்சம் என்று மதிப்பிட்டால் சார்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். தேவையில்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். திருத்தமென்றால் ஏற்கெனவே கட்டியதைக் கழித்து மீதியைக் கட்டினால் போதும். வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட்டால் 21,000-மும் மறுபடி கட்ட வேண்டும். பழைய கட்டணம் புது வழக்கில் வரவாகாது.

திருத்தம் கிடைத்தால் அதோடு வேலை முடியவில்லை. உத்தரவில் நாள் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 14 நாளுக்குள் பிராதில் திருத்தத்தை ஏற்றித் திருத்திய பிராது தாக்கல் செய்ய வேண்டும் (விதி 18). அதைக் கோட்டைவிட்டுத் திருத்தமே பயனற்றுப்போன வழக்குகள் ஏராளம்.

---

மனைக்கட்டு:

புரிந்தது. திருத்த மனு தள்ளுபடியானால் அதன் பிறகு வாபஸ் மனு போட முடியுமா? இடைக்கால உறுத்துக்கட்டளை அமலில் இருக்கும்போதே வேலி போட்டார்களே, வாபஸ் வாங்கினால் அது என்ன ஆகும்?

---

கீழமைநீதி பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் அவசரம். இடைக்கால உறுத்துக்கட்டளை வழக்கின் நிழல். வழக்கு வாபஸ் ஆன நிமிடமே அதுவும் போய்விடும். புது வழக்கு எண்ணாகி, புதிய மனுவில் புதிதாக உத்தரவு வாங்கும்வரை இடையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த இடைவெளியில் பிரதிவாதிகள் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் பிரிவு 148ஏ-இன்படி முன்னெச்சரிக்கை மனு (கேவியட்) போட்டுவிட்டால், 90 நாளுக்கு அவர்களுக்கு அறிவிப்பு கொடுக்காமல் ஒருதரப்பு உத்தரவு கிடைக்காது. 2,000 சதுர அடியும் திறந்து கிடக்கும்.

உத்தரவு அமலில் இருக்கும்போது வேலி போட்டிருந்தால், கட்டளை 39 விதி 2ஏ-இல் கீழ்ப்படியாமை மனுவும், பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவர பிரிவு 151-இல் மனுவும் இதற்குள் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இப்போதாவது போடுங்கள். உத்தரவு அவர்களுக்குச் சார்வு ஆன (கையில் சேர்ந்த) நாள், வேலி போட்ட நாள், இரண்டும் அதில் துல்லியமாக இருக்க வேண்டும். வழக்கையே வாபஸ் வாங்கிவிட்டு இந்த மனுக்களை நடத்துவது கடினம். வாபசுக்கு எதிரான இன்னொரு காரணம் இது.

முதல் கேள்விக்கு: திருத்தம் மறுக்கப்பட்டது என்பதால் மட்டும் வாபஸ் மனுவுக்குத் தடை இல்லை. ஆனால் திருத்த உத்தரவில் 'வாதிகள் உரிய கவனம் காட்டவில்லை' என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அதையே மேற்கோள் காட்டி வாபசையும் எதிர்ப்பார்கள். ஆகவே திருத்த மனுவில் உங்கள் தவறை ஒப்புக்கொள்ளும் வாசகங்களை அளந்து எழுதுங்கள். திருத்தம் மறுக்கப்பட்டால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்பின் கூறு 227-இன்கீழ் சீராய்வு (ரிவிஷன்) மனு போடவும் வழி உண்டு. அது நிலுவையில் இருக்கிறது என்பதால் 07.06.2026 நகராது என்பதை மறக்க வேண்டாம்.

மனுவுக்குப் பின்னால் ஒரு நாட்காட்டி வையுங்கள். வாபஸ் மனு போட்டால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு, எதிர்மனு, விசாரணை, உத்தரவு. எதிர்மனுவுக்கே மூன்று நான்கு வாய்தா இழுப்பார்கள். உத்தரவு வந்தபின் நகல் மனு, நகல், புதுப் பிராது, அது சரிபார்ப்பில் குறைகளோடு திரும்பினால் சரிசெய்து மறுதாக்கல். இத்தனைக்கும் சேர்த்து நாள் போதாது என்று தெரிந்தால் விளம்புகைக்காக வாபஸ் வழியை நம்பவே கூடாது.

---

பிராதுமேசை பதில்:

கீழமைநீதி சொன்னதோடு இன்னும் சில. ஒருவேளை வாபஸ் வழியில்தான் போக வேண்டும் என்று முடிவானால் இவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

உத்தரவு சொல்லப்படும்போது வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். 'மனு அனுமதிக்கப்படுகிறது, புதிய வழக்குத் தொடர உரிமை அளிக்கப்படுகிறது' என்ற வாசகம் காதில் விழ வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் 'வாபஸ்' என்று மட்டும் காட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சான்றிட்ட நகலைக் கையில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். உரிமை பற்றிய வரி விடுபட்டிருந்தால் அன்றே பிரிவு 152-இல் திருத்தமோ, அதே நீதிமன்றத்தில் மறுசீராய்வு (ரிவ்யூ) மனுவோ போட வேண்டும்.

செலவுத்தொகை நிபந்தனையோடு அனுமதி வரலாம். 'இரண்டு வாரத்துக்குள் 5,000 ரூபாய் கொடுத்தால் அனுமதி' என்ற மாதிரி. அந்தப் பணம் கொடுத்தால்தான் உரிமையே பிறக்கும். கெடுவுக்குள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, அதை மெமோவோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். வாங்க மறுத்தால் நீதிமன்றத்தில் வைப்பீடு செய்ய அனுமதி கேளுங்கள். கெடு தாண்டும் நிலை வந்தால், தாண்டுவதற்கு முன்பே பிரிவு 148-இல் நீட்டிப்பு. பணம் கொடுக்காமல் புது வழக்குப் போட்டால் முதல் எதிர்ப்பே அதுவாக இருக்கும்.

அனுமதி உத்தரவு தீர்ப்பாணை (வழக்கை முடிவு செய்யும் ஆணை) ஆகாது, மேல்முறையீடு கிடையாது. எதிர்த்தரப்பு சீராய்வு மனுதான் போட முடியும். அவர்கள் தடை உத்தரவு வாங்கினால் உங்கள் புது வழக்கு நடுவில் மாட்டும். உத்தரவில் காரணம் நன்றாக எழுதப்பட்டிருந்தால் அது நிற்கும். ஒரு வரி உத்தரவு என்றால் ஆபத்து. (2000) 5 எஸ்.சி.சி. 458-இல், இரண்டாம் மேல்முறையீட்டில் இயந்திரத்தனமாகக் கொடுத்த வாபஸ் அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த அதிகாரத்தை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும், எதிர்த்தரப்புக்குக் கிடைத்த பலனைச் சும்மா பறிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வாதியே பிரமாணப் பத்திரத்தில் காரணங்களை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால், நீதிபதிக்கும் அதை எடுத்து எழுத வசதியாக இருக்கும்.

புதுப் பிராதில் பழைய வழக்கை மறைக்கக் கூடாது. பழைய அசல் வழக்கு எண், இடைநிலை மனு எண், உத்தரவு தேதி, நிபந்தனை நிறைவேற்றப்பட்ட தேதி, நான்கையும் ஒரு பத்தியில் எழுதி, சான்றிட்ட நகலை ஆவணமாகச் சேருங்கள்.

---

தபசில் பதில்:

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அசல் கிரையப் பத்திரமும் பட்டாவும் பழைய வழக்கில் சான்றாவணமாகக் குறியீடு ஆகிவிட்டன. புது வழக்குக்கு அவை வேண்டும். கட்டளை 13 விதி 9-இல் ஆவணம் திரும்பப் பெறும் மனு போட வேண்டும். அசலுக்குப் பதிலாகச் சான்றிட்ட நகலை வைத்துவிட்டு, தேவைப்படும்போது அசலைக் கொண்டுவருவதாக உறுதி எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். வாபஸ் மனு போடும் அன்றே இதையும் சேர்த்துப் போட்டால் ஒரு மாதம் மிச்சம்.

முதல் வாதியின் நிரூபண வாக்குமூலமும் எங்கும் போகாது. புது வழக்கில் அது தானாகச் சாட்சியம் ஆகாது, ஆனால் அதில் சொன்னதற்கு மாறாகப் புதுப் பிராதில் எழுதினால், குறுக்கு விசாரணையில் அதை எடுத்துக் காட்டி மடக்குவார்கள். அந்த வாக்குமூலத்தில் சர்வே எண் 148/2 என்றுதானே இருக்கும்? பிழை எப்படி நேர்ந்தது என்று புதுப் பிராதிலேயே முதலில் சொல்லிவிடுங்கள். எதிர்க்கோரிக்கை (பிரதிவாதிகள் தங்களுக்கென்று கேட்கும் பரிகாரம்) ஏதாவது எதிருரையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்கள் வாபஸ் வாங்கினாலும் கட்டளை 8 விதி 6டி-இன்படி அது தனியாக நடக்கும். நீங்கள் இல்லாத வழக்கில் அவர்களுக்குத் தீர்ப்பாணை ஆகிவிடக்கூடும்.

---

மனைக்கட்டு:

எதிர்க்கோரிக்கை இல்லை. நான்கு எல்லையும் பிராதிலும் கிரையப் பத்திரத்திலும் ஒன்றாகவே இருக்கின்றன, இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். மெமோ வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டோம். அடுத்த வாய்தாவில் திருத்த மனுவும் விதி 2ஏ மனுவும் தாக்கல் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். திருத்த மனுவில் இரண்டு வாதிகளுமே பிரமாணப் பத்திரம் தர வேண்டுமா, ஒருவர் போதுமா?

---

கீழமைநீதி பதில்:

ஒருவர் 'எனக்காகவும் இரண்டாம் வாதிக்காகவும்' என்று தந்தால் போதும். மனுவில் மனுதாரர்களாக இருவர் பெயரும் இருக்கட்டும். சொத்து விவரத்தை அ, ஆ என்று இரண்டாகப் பிரித்து, ஆ-வில் 400 சதுர அடிக்குத் தனியாக நான்கு எல்லையும் நீள அகலமும் எழுதுங்கள். அது இல்லாமல் சுவாதீனத் தீர்ப்பாணை வந்தாலும் நிறைவேற்றும்போது அமீனாவால் (ஆணையை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரால்) இடத்தை அடையாளம் காண முடியாது. அளவு நிச்சயமில்லை என்றால் திருத்த மனுவோடு வழக்கறிஞர் ஆணையர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமன மனுவையும் போட்டு, சர்வேயர் துணையோடு அளந்து வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.